ரதிசாவின் மூக்கு

"தீயைக் கொறைடா டவுன்காரா! சாராயம் காய்ச்சுறியா, இல்ல ரயில் ஓட்டுறியா?"

வெல்கோ பதறிப்போய் அடுப்பிலிருந்து இரண்டு கட்டைகளை வெளியே இழுத்தான். செப்புக் கொப்பரைக்குள் நூறு லிட்டர் பிளம் பழக் கூழ் முனகிக்கொண்டிருந்தது. எதிரே முக்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் ரதிசாவ்.

அந்த மலையோரத்தில் ரதிசாவ் காய்ச்சும் ராக்கியா என்கிற பழச் சாராயத்துக்கு ஈடே கிடையாது. ஒரு மடக்குக் குடித்த பாதிரியார், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வெள்ளிக்கிழமையே செய்து முடித்தார் என்பார்கள். எல்லாம் அவர் மூக்கின் மகிமை. அது என்ன சாதாரண மூக்கா? மழை வந்தால் அதன் கீழே இரண்டு பேர் நனையாமல் நிற்கலாம்.

அந்த மூக்குக்கு முன்னால்தான் இன்றைக்கு வெல்கோவுக்குப் பரீட்சை. "எங்க வீட்ல பொண்ணு கேக்குறவன் ஒரு கொப்பரை ஒழுங்கா காய்ச்சி இறக்கணும். கெடுத்தேன்னு வை, அடுத்த பஸ்ல பெல்கிரேடுக்குப் போயிரு. எம் பொண்ணு துன்யாவுக்கு வேற இடம் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார் மனுஷர்.

வெல்கோ கம்ப்யூட்டர் தட்டுகிறவன். ஒரு மாதமாகப் புத்தகம் படித்துத் தயாராகி வந்திருந்தான். கொப்பரைக்கும் மூடிக்கும் நடுவே ஆவி கசியாமல் மாவு பிசைந்து அப்பினான். கூழ் அடிப்பிடிக்காமல் கிண்டினான். சுருள் குழாய் மூழ்கிக் கிடந்த பீப்பாயில் தண்ணீரைச் சில்லென்று வைத்திருந்தான். எல்லாம் வந்தது. ஒன்றுதான் வராது. முதலில் சொட்டுவது விஷம்; அது முடிந்து நல்ல சரக்கு எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். வெல்கோவுக்குப் பத்து வயதில் முகத்தில் வந்து விழுந்த கால்பந்தோடு வாசனை என்பதே போய்விட்டது.

காலையில் திரிந்துபோன பாலை அவன் மடமடவென்று குடித்ததைப் பார்த்ததுமே ரதிசாவின் மனைவி தெசாங்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கொப்பரைகிட்டப் பொம்பளைங்க வரக்கூடாதுன்னு இவங்க தாத்தா காலத்துச் சட்டம், தம்பி. நான் கொட்டகை வாசல்ல உக்காந்து அக்ரூட் உடைக்கிறேன். வாசனை அங்கயே வரும். சுத்தியல் எப்ப நிக்குதோ, அப்ப ஜாடியை மாத்து."

"மாமா கண்டுபிடிச்சிட்டா, அத்தை?"

"அவரா? நீ போய் ஜாடியைப் பாரு."

இதோ, குழாய் நுனியில் முதல் சொட்டு எட்டிப் பார்த்தது. வாசலில் டொக், டொக், டொக்.

"உள்ளங்கையில விட்டுத் தேய்டா" என்றார் ரதிசாவ். "மோந்து பாரு. என்ன வருது?"

வெல்கோ பயபக்தியோடு முகர்ந்தான். ஒரு மண்ணும் வரவில்லை. புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தான். "நகப் பாலீஷ் மாதிரி இருக்கு மாமா."

"ம்ம். அது ஜன்னல் தொடைக்கத்தான் ஆகும். வாயில வச்சா கண்ணு போயிரும்."

"நீங்களும் ஒருவாட்டி மோந்து..."

"நான் எதுக்குடா மோக்கணும்? எனக்கு இங்க இருந்தே தெரியுது!"

திடீரென்று சுத்தியல் நின்றது. வெல்கோ ஜாடிக்குக் கையை நீட்டினான். அதே நொடியில் ரதிசாவும் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தொலைந்தோம், திட்டப்போகிறார் என்று வெல்கோவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சீ, போ! முட்டைக்கோஸ்ல வாய வைக்குது பாரு சனியன்!" வெளியே தெசாங்கா கத்தினாள். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பன்றி வாசலைக் கடந்து ஓடியது. மறுபடியும் டொக், டொக்.

வெல்கோ கையை இழுத்துக்கொண்டான். ரதிசாவ் கால் மரத்துப்போனதுபோல் உதறிவிட்டு உட்கார்ந்தார்.

"அவசரப்படாத" என்றார் பொதுவாக.

சற்று நேரத்தில் சத்தம் நின்றது. இந்த முறை பன்றி இல்லை. வெல்கோ ஜாடியை மாற்றினான்.

"ம். நானும் அதான் சொல்ல வந்தேன்."

சுத்தியல் மறுபடி தொடங்கி, மத்தியானம் வரை ஓயாமல் அடித்துவிட்டு நின்றது. வெல்கோ அடுத்த ஜாடியை வைத்து, "நனைஞ்ச நாய் மாதிரி வருது மாமா" என்றான்.

"பலே! அதைத் தனியா வை. அடுத்த கொப்பரையில ஊத்திக்கலாம்."

நல்ல சரக்கில் ஒரு சின்னக் கிளாஸை நிரப்பி, வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்து, வீரியம் தெரியக் குமிழி பார்த்தார் ரதிசாவ். தெசாங்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். மிச்சத்தை அவர் ஊற்றிக்கொண்டார்.

"அடடா! எங்கப்பாவே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்குடா! துன்யா உனக்குத்தான், மாப்ள!"

வெல்கோவுக்கு மனசு உறுத்தியது. "மாமா, ஒரு உண்மை சொல்லிடுறேன். எனக்கு வாசனையே தெரியாது. அத்தையோட சுத்தியலைக் கேட்டுத்தான் ஜாடியை மாத்தினேன்."

ரதிசாவ் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு வெல்கோவின் காதோடு வாயை வைத்தார்.

"கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கழுதை உதைச்சதுல எனக்கும் போச்சு. வருஷா வருஷம் மாதிரி இன்னிக்கும் அவ எனக்காகத்தான் உடைக்கிறான்னு நினைச்சுட்டு இருந்தேன். நம்ம வீட்ல அக்ரூட் யாருக்குமே பிடிக்காது, மாப்ள. அந்தப் பன்னி எப்படிடா அவ்ளோ கொழுத்துச்சு?"