மேஜைக்காலில் ஒரு சீட்டு

ஆய்வுக்கூட மேஜையின் இழுப்பறையில் ஒரு பழைய கணினி பிளாப்பி வட்டு கிடந்தது. ஒரு கடலோரக் காயலின் பதினோரு வருட நீர் அளவுகள் அதன் வயிற்றில் இருந்தன, வெறும் எண்களாக. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று எழுதிய சீட்டு முன்பெல்லாம் அதன் முதுகில்தான் ஒட்டியிருந்தது. மேஜை ஆடுகிறதென்று யாரோ அதைப் பிய்த்து, நாலாக மடித்து, மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இரண்டுக்கும் பேச்சு மட்டும்தான் மிச்சம்.

"இருபத்தேழு," என்று மேலிருந்து பிளாப்பி சொல்லும்.

"உப்பு," என்று கீழிருந்து சீட்டு சொல்லும்.

"என்னைப் படிக்க ஆள் வந்தா, உன்னையும் தேடுவாங்க."

"வரட்டும்," என்னும் சீட்டு.

கடைசியில் தாட்சாயணி என்ற ஆய்வாளர் வந்தாள். எங்கெங்கோ தேடி வாங்கிய கருவியில் பிளாப்பியைச் சொருகினாள். அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தது. திரை முழுக்க எண்கள்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல எது உப்பு, எது ஆழம்? ஒரு சீட்டாவது எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

"எழுதித்தான் இருக்கு. உன் காலடியில பாரு," என்று பிளாப்பி கத்தியது. சீட்டும் கத்தியது. அவள் காதில் எதுவும் விழவில்லை.

சலிப்போடு முழங்கையை ஊன்றிச் சாய்ந்தாள். மேஜை துளியும் ஆடவில்லை.

பிளாப்பியை இழுப்பறையிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

"இருபத்தேழு," என்று அது மெல்லக் கூப்பிட்டது.

மேஜைக்காலுக்கு அடியிலிருந்து சீட்டு சொன்னது.

"உப்பு."