கழுவி வைத்த டம்ளர்

பூங்காவனம் கழுவி வைத்த பாத்திரத்தை அவள் கணவர் ஏகாம்பரம் மறுபடி கழுவாமல் தொட்டதே இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக இதுதான். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், குழாயடிக்குப் போய்விடுவார். அவளும் சாம்பலை விட்டு சோப்புக்கு மாறினாள், புளி போட்டுத் தேய்த்தாள், வெந்நீரில்கூட அலசிப் பார்த்தாள். "நல்லாதான் இருக்கு. இருந்தாலும்..." என்பார், குழாயைத் திறந்துகொண்டே. ஒருநாள் அவரே கழுவிய டம்ளரை, தான் கழுவியதுபோல எடுத்து நீட்டினாள். அதையும் கழுவினார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது ஒரு மாலை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பார்த்தாள். கடைக்காரர், யாரோ குடித்துவிட்டு வைத்த கிளாஸைக் கலங்கிய பக்கெட் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அதிலேயே டீயை ஊற்றி நீட்டினார். ஏகாம்பரம் கிளாஸைப் பார்க்கவே இல்லை. ஊதி ஊதி ரசித்துக் குடித்தார்.

பூங்காவனம் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு போடுங்க."

ஏகாம்பரம் திடுக்கிட்டுத் திரும்பினார். "இங்க எதுக்கு? வீட்டுக்குப் போய்க் குடிக்கலாமே."

"வீட்டுல யாரு கழுவுறது?" என்றாள்.

பக்கெட் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த கிளாஸைக் கடைக்காரர் நீட்டினார். வாங்கி, ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தபடியே குடிக்க ஆரம்பித்தாள்.