பல்லுக்கு இருபத்து மூன்று

“நெஜமாவே உனக்கு இருபத்தொரு வயசாம்மா?”

“ஆமா சார். ஆதார்லயே இருக்கு.”

ஜீவானந்தம் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. தங்கமாரியின் உயரம் நாலடி ஐந்து அங்குலம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்குச் சற்று முன்பே நின்றுவிடும்.

கார்களுக்கு ஒயர் பின்னும் ஒரகடத்துக் கம்பெனி அது. அவர் அங்கே எச்.ஆர். அவள் சங்கரன்கோவில் பக்கம். பென்னலூரில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் தங்கி, மூன்று வாரமாகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறாள். எல்லா கேட்டிலும் ஒரே பதில்தான்: “சின்னப் புள்ளைங்கள வேலைக்கு வெக்கிறதில்ல, போய்ப் படி.” ஆதாரை நீட்டினால், இது யாருடையது என்று கேட்டார்கள். இந்த வேலையும் கைநழுவினால் நாளைக்கே ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

உள்ளே வரும்போதே இன்று நேரம் சரியில்லை. சனிக்கிழமை லீவுக்கு யாரோ அழைத்து வந்த பிள்ளை போலிருக்கிறது, வராந்தா பெஞ்சில் ஏழு வயசு இருக்கும் வாண்டு ஒன்று ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தது. “அக்கா புஸ்தகத்துல கிறுக்கக் கூடாது பாப்பா” என்று தங்கமாரி நல்லதைத்தான் சொன்னாள். அது முறைத்தது.

“டாக்டர் லெட்டர்ல டர்னர் சிண்ட்ரோம்னு போட்டுக்கீது. இன்னாது அது?”

தங்கமாரி பெருமூச்சு விட்டாள். இந்தப் பாடத்தை எத்தனையோ பேரிடம் ஒப்பித்தாயிற்று.

“பொம்பளப் புள்ளைகளுக்கு மட்டும் வாரது சார். எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருக்கணும், எனக்கு ஒண்ணுதான். யாருக்கும் ஒட்டாது. ஆளு வளத்தி இருக்காது, எலும்பு மெதுவாத்தான் முத்தும். பல்லு மட்டும் அவசரக்குடுக்கை, முந்தியே முளைச்சிரும்.”

“அப்டின்னா?”

“போன வருசம் ஒரு கம்பெனில வயசு பாக்க எக்ஸ்ரே எடுத்தாக. கை எலும்பப் பாத்தவரு பதினாலுன்னாரு. பல்லப் பாத்தவரு இருபத்தி மூணுன்னாரு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தாலும் பதினெட்டரை வருது சார். அப்பவும் நான் மேஜர்தான்.”

அவர் சிரிக்கவில்லை. மேஜை மேல் முந்தாநாள் அவள் கொடுத்துவிட்டுப் போன விண்ணப்பம் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தொடாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். போச்சு, வாயைக் கிளறிக் குற்றம் பிடிக்கப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

“கடவாப்பல்லு எப்ப மொளைச்சிது?”

“அஞ்சு வயசு முடியும் முன்னயே சார். எம்புள்ள எல்லாத்துலயும் முந்தின்னு எங்கம்மை தெரு பூரா சொல்லிட்டு வந்தா.”

பேனா ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

“கைய நீட்டு.”

நீட்டினாள். முழங்கைக்குக் கீழே கை வெளிப்பக்கமாக விலகிப் போனது. “ஒயர் சொருக இது இடைஞ்சல் இல்ல சார்” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

“மூடு.”

மூடினாள். நான்கு முட்டிகள் எழ வேண்டிய இடத்தில் மூன்றுதான் எழுந்தன. மோதிர விரலுக்குரிய இடம் பள்ளமாகக் கிடந்தது.

“அந்த எலும்பு மட்டும் குட்டை சார்.”

“யாரு கண்டுபுடிச்சாங்க?”

“பல்லு டாக்டரம்மாதான். பதினேழு வயசுல பல்லு புடுங்கப் போனேன். அண்ணம் உசரமா இருக்கு, தாடை சிறுசா இருக்கு, பல்லு வேரு கட்டையா இருக்கு, ஆளும் வளரலியேன்னு ரத்தம் குடுத்துப் பாக்கச் சொன்னாக.”

“ஊசி போட்டா வளருமா?”

“சின்னதுலயே ஆரம்பிச்சா வளருமாம். எனக்கு லேட்டுன்னுட்டாக.”

“சின்னதுலன்னா? பத்து வயசுல?”

தங்கமாரிக்குப் பொறுமை போயிற்று. “சார், வேலை இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. எத்தன தடவ வேணும்னாலும் கேளுங்க, என் வயசு மாறாது.”

ஜீவானந்தம் விண்ணப்பத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அடியில் அவர் கையெழுத்தும் கம்பெனி சீலும் இருந்தன. தேதி நேற்றையது.

“நேத்தே ஓகே ஆயிடுச்சிமா. திங்கக்கிழமை காலை ஷிப்டுக்கு வந்துடு.”

“அப்ப இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம்?”

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். “கலைமதி, உள்ள வா கண்ணு.”

பெஞ்சிலிருந்த வாண்டு கணக்குப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றது. “இது என் புக்குதான்” என்று தங்கமாரியைப் பார்த்துச் சொன்னது.

“என் பொண்ணு. பத்து வயசு முடிஞ்சிடுச்சி” என்றார் ஜீவானந்தம். “அக்காகிட்ட கைய மூடிக் காட்டும்மா.”

கலைமதி மூடிக் காட்டிய கையில் மூன்று முட்டிகள்தான் இருந்தன.