முயலம்மாவின் கொட்டகை

ஆற்றோரத்தில் முயலம்மாவுக்கு நாலு பாத்தி நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. நாலிலும் முள்ளங்கி விதைத்தாள். மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு. மண்வெட்டியையும் பூவாளியையும் தினமும் வளைக்குத் தூக்கிப் போய் அலுத்துவிட்டதால், கொட்டகை ஒன்று வாங்க மரங்கொத்தி ஆசாரியிடம் போனாள்.

ஆசாரி மூன்று அளவில் காட்டினார். "உங்க நிலத்துக்குச் சின்னது போதும்மா. மண்வெட்டி, பூவாளி, நாலு கூடை தாராளமா வைக்கலாம்" என்றார்.

முயலம்மா பெரிய கொட்டகைக்குள் போய் நின்று பார்த்தாள். அதில் ஜன்னல்கூட இருந்தது. "நாளைக்கே சாமான் சேர்ந்துட்டா என்ன பண்றது? பெருசாவே குடுங்க."

அதை நிறுத்த, முளைவிட்டிருந்த மூன்று பாத்திகளை அழிக்க வேண்டியிருந்தது. மனசு கொஞ்சம் உறுத்தியது. புதுக் கதவை இரண்டு தடவை திறந்து மூடியதும் அது சரியாகிவிட்டது.

அறுவடையில் ஒரு கூடைதான் தேறியது. அதைக் கொட்டகை நடுவில் வைத்துவிட்டு, பக்கத்து நிலத்து ஆமையண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆமை நாலு மூலைக்கும் நிதானமாக நடந்து பார்த்தார்.

"எவ்வளவு இடம் பாத்தீங்களாண்ணே?"

"நல்ல இடந்தாம்மா. இதுல மூணு பாத்தி முள்ளங்கி போடலாம்."

முயலம்மா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஆசாரியின் மரத்தடிக்குப் போனாள்.

"அந்தச் சின்னது இன்னும் இருக்குங்களா?" என்று கேட்டாள்.