எடுத்துக்காட்டு எண்

குறுஞ்செய்தி அனுப்பும் புதிய மென்பொருள் தளம் ஒன்றை அலுவலகத்தில் கொரீன் தலையில் கட்டிவிட்டார்கள். அதைக் கற்றுத்தரும் பாடம் கிடைக்குமா என்று டுலூத் நகரத்துப் பனியைப் பார்த்தபடி காலை முழுக்க இணையத்தைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஒருவழியாகப் பாடத்தின் தொடக்கப் பக்கம் அகப்பட்டது. அதிலிருந்த மாதிரி நிரலை, எல்லாரையும் போலப் படிக்காமலே நகலெடுத்து ஓட்டினாள். பெறுபவர் இடத்தில் தன் எண்ணைப் போட மறந்துவிட்டாள். ‘வணக்கம், இது சோதனை’ என்ற செய்தி பாடத்திலிருந்த எண்ணுக்கே போய்விட்டது.

பக்கத்து மேசை லேலண்ட் சிரித்தான். “நீயுமா, மேதாவி? விடு, அது உதாரணத்துக்குன்னே ஒதுக்கின நம்பர். உலகத்துல ஒருத்தருக்கும் கொடுக்க மாட்டாங்க.”

திரையில் பதில் வந்தது: “அப்பாடா, ஆள் வந்தாச்சா? அப்ப நான் கிளம்பறேன்.”

“எவனோ விளையாடறான்” என்றாள் கொரீன். பாடப் பக்கத்தை மறுபடி திறந்தாள். மாதிரி நிரலில் இப்போது அவளுடைய எண் இருந்தது.

மேசைமேல் அவள் கைபேசி அதிர்ந்தது. ‘வணக்கம், இது சோதனை.’ உடனே வேறொரு எண்ணிலிருந்து அதே செய்தி. பிறகு அது நிற்கவே இல்லை.

“இரு, நான் உன்னைக் கூப்பிட்டுப் பாக்கறேன்” என்று லேலண்ட் அவள் எண்ணை அழைத்தான். பதிவுக் குரல் நிதானமாகச் சொன்னது: “நீங்கள் அழைத்த எண் யாருக்கும் வழங்கப்படவில்லை.”