எத்தனை விழுக்காடு

மைத்துனர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவை.

அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசலாம் போலிருந்தது பேராசிரியருக்கு.

எடை, அளவுகளைச் சோதிக்கும் அலுவலகம் அது. தராசுகளுக்கு நடுவே, ஒரு கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பதக்கங்கள், இரண்டு கௌரவ டாக்டர் பட்டங்கள், அவர் பெயரில் ஒரு கருத்தரங்க அறை. இத்தனையும் வாங்கிய மனிதர் ஒரு கையெழுத்துக்காக முக்கால் மணி நேரமாகக் காத்துக் கிடந்தார்.

வாழ்நாள் சாதனை விருதாம். ஆனால் விண்ணப்பத்தை அவரேதான் நிரப்ப வேண்டுமாம். புகழ் தேடித்தந்த கட்டுரையில் யாருக்கு எத்தனை விழுக்காடு பங்கு என்று, கூட எழுதியவர் தன் கைப்பட எழுதித்தர வேண்டுமாம். எந்தப் புண்ணியவானுக்கு உதித்த யோசனையோ!

இன்று ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

கூட எழுதியவர் மனைவியின் அண்ணன். முப்பத்தோரு வருடங்களுக்கு முன் இருவரும் ஒரே ஆய்வகத்தில் ஒரே வெப்பமானியை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இவர் பேராசிரியரானார். அவர் தராசு பார்க்க வந்துவிட்டார்.

எந்த மேடையிலும் இவர் அவர் பெயரைச் சொன்னதில்லை. இன்று அவர் அதைச் சொல்லிக்காட்டாமல் விடுவாரா?

வழியெல்லாம் மனதுக்குள் பேரம் பேசியபடியே வந்திருந்தார். முப்பது கேட்பார். நாற்பது வரை விட்டுக்கொடுக்கலாம். பாதி கேட்டால் மனைவியை விட்டுப் பேசச் சொல்ல வேண்டியதுதான்.

“என்ன மாப்ளே, மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குது?”

பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மைத்துனர் பேனாவைத் திறந்தார். தன் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டார். பேராசிரியர் பெயருக்கு நேரே நூறு. கையெழுத்திட்டுத் தாளை நகர்த்தினார்.

பேராசிரியர் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இந்த மனுஷனையா இத்தனை நேரம் கரித்துக் கொட்டினோம்?

“ரொம்ப உருகாதீங்க.” மைத்துனர் இழுப்பறையிலிருந்து ஒரு சோதனை அறிக்கையை எடுத்து விண்ணப்பத்தின் மேல் வைத்தார். “பழசுன்னு தூக்கிப்போட்டீங்களே நம்ம வெப்பமானி, நான்தான எடுத்துட்டு வந்தேன். போன வாரம் சோதிச்சுப் பார்த்தேன். செஞ்சவன் அளவுக் கோட்டையே தப்பாக் கிழிச்சிருக்கான். கால் டிகிரி அதிகமாக் காட்டுது.”

அந்தக் கட்டுரை கண்டுபிடித்துச் சொன்னதே அந்தக் கால் டிகிரி வித்தியாசத்தைத்தான்.

மைத்துனர் இப்போது கண்ணாடியைத் துடைக்கவில்லை.

பேராசிரியர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். கணக்கில் எங்கும் பிசகில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது.

அறிக்கையை மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டு, அடியிலிருந்த விண்ணப்பத்தை இழுத்தார்.

“கையெழுத்துக்குக் கீழ தேதி போடலயே, மச்சான்,” என்றார்.