மூச்சு எடுக்கும் இடம்

ஒற்றைக் குரலுக்காக முந்நூறு வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட ஜெர்மன் கன்டாட்டா அது. ஆண்டவரிடம் தன்னை ஒப்புக்கொடுக்கிற ஓர் ஆத்துமாவின் பாட்டு. பாடுகிறவள் என் மனைவி எமிமாள். அவள் ஒரு வரி பாட, தியோடரின் வயலின் அதையே கொஞ்சம் குழைத்துத் திருப்பிச் சொல்லும். அடியில் ஆர்கன், அதாவது நான், நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவள் மூச்சு எடுக்கவேண்டிய இடங்களை நான்தான் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தேன். ஒத்திகையன்று பார்த்தால் எல்லாவற்றையும் அழித்திருந்தாள்.

“நீங்க குறிச்ச இடத்துல எடுத்தா வரி உடையுதுங்க. தியோடர் வில்லைத் தூக்குறப்ப எடுத்தா சரியா வருது” என்றாள். தியோடர் குனிந்து வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு ஆராதனையில் இருவரும் ஒரே மூச்சில் ஏறினார்கள், ஒரே மூச்சில் இறங்கினார்கள். பதினோரு வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறோம். அவள் மூச்சு என்னோடு அப்படிச் சேர்ந்ததே இல்லை. கடைசி ஆமென் வந்தது. நான் விரலை எடுக்கும்வரை அதை நீட்டுவதென்று பேசி வைத்திருந்தோம். ஆர்கனுக்கு மூச்சு முட்டாது. சற்று நேரத்தில் தியோடர்கூட வில்லை இறக்கிவிட்டான். எமிமாளின் கழுத்து நரம்பு புடைத்தது. அன்று முதல்முறையாக அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நான் விரலை எடுக்கவில்லை.